கணினிக்குப் பட்டம் கேட்ட டீச்சருக்கு

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தெருவே உன்னை டீச்சர் என்று கூப்பிடுகிறது. நான் மட்டும் வேறு விதமாகக் கூப்பிட்டால் நீ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே கடிதத்திலும் அதுவே இருக்கட்டும்.

வியாழக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. போனைக் காதில் வைத்தால் சாப்பிட்டாயா, மழை உண்டா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றாது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் கொஞ்சம் வரும். நீ சிரிப்பாய் என்று தெரிந்தும், சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்தி எழுதிக்கொள்கிறேன்.

1. செஸ் ஆடும் கணினிக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைக்குமா என்பதற்கு விதிமுறை சொல்லும் பதில்.

2. விதியை விடு, கொடுப்பது நியாயமா என்பதில் நம் செஸ் சங்கத்தார் சொன்னதும் நான் நினைப்பதும்.

3. நீ ‘மாஸ்டர்’ என்று சொல்கிற அந்தக் குறிப்பிட்ட கணினியின் நடத்தை.

4. வீட்டு விஷயங்கள்.

5. நம்முடைய நாற்பத்தாறாவது ஆட்டத்தில் நான் செய்தது விதிப்படி சரியே என்பது.

6. உன் பயணச் சீட்டு.

முதல் விஷயம். மகளின் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஸ்டாண்டில் நிற்கும் அந்தத் தட்டையான கணினியைப் பற்றி நீ கேட்டது இதுதான்: “நீங்க நடுவரா எத்தனையோ பேருக்குப் பாத்துக் கையெழுத்துப் போட்டவர்தானே, இவருக்கும் ஒரு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கித் தர முடியுமான்னு சங்கத்துல கேட்டுச் சொல்லுங்க.” பின்னால் மகள் சிரித்தது கேட்டது. நீ விளையாட்டாகக் கேட்டாயா, நிஜமாகவே கேட்டாயா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கேள்வி என்று வந்துவிட்டால் பதில் தேடாமல் இருக்க முடியாத சுபாவம். தேடினேன்.

கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு ஒருவர் தரவரிசைப் புள்ளியில் எப்போதாவது இரண்டாயிரத்து ஐந்நூறைத் தொட்டிருக்க வேண்டும். அது போதாது. பெரிய போட்டிகளில் ‘நார்ம்’ என்னும் தகுதியை வழக்கமாக மூன்று முறை எடுக்க வேண்டும். அந்தப் போட்டிகளின் ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்து குறைந்தது இருபத்தேழு இருக்க வேண்டும். எதிரில் உட்காருபவர்களில் மூன்றில் ஒரு பங்காவது ஏற்கெனவே இந்தப் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டாரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நார்முக்கும் நடுவர் கையெழுத்து வேண்டும். விண்ணப்பிப்பவர் ஏதாவது ஒரு நாட்டின் சங்கத்தில் உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டும். கணினிக்கு நாடு இல்லை, உறுப்பினர் எண் இல்லை. கணினிகள் தமக்குள் ஆடும் போட்டிகள் தனி, அவற்றின் புள்ளிப் பட்டியலும் தனி. ஆகவே பதில்: கிடைக்காது.

மறைக்கக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். ஒரு காலத்தில் சில திறந்த போட்டிகளில் மனிதர்களோடு கணினியையும் ஆட வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் ஒரு கணினிக்கு ‘மாஸ்டர்’ என்ற தகுதியைக்கூடக் கொடுத்தார்கள். ஆனால் அது அந்த நாட்டளவில் கொடுத்தது. கிராண்ட்மாஸ்டர் என்று எதற்கும் கொடுத்ததில்லை. எதற்கும் மறுபடி ஒரு முறை தேடிப் பார்த்தேன். இல்லை.

இரண்டாவது. வெள்ளிக்கிழமை மாலை சங்கத்துக்குப் போனேன். அதே கண்ணாடிக் கடை மாடிதான். படிக்கட்டின் மூன்றாவது படி இன்னும் ஆடுகிறது. கடைக்காரர்தான் இப்போதும் செயலாளர். நீ கேட்டதாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. யாரோ ஒரு அன்பர் கேட்டதாகச் சொன்னேன். தபால்காரர் உடனே, “அன்பர்ங்கறது டீச்சரம்மாதானே” என்றுவிட்டார். எப்போதும் குதிரையைத்தான் முதலில் எடுத்து வைப்பார், நினைவிருக்கிறதா, அவரேதான். “பொட்டிய ஆக்கறதுக்கு முன்னால என்னைய கிராண்ட்மாஸ்டர் ஆக்கச் சொல்லுங்க சார். நாப்பது வருசமா வரிசையில நிக்கிறேன்” என்றார்.

சலூன்காரர் கொஞ்சம் சூடாகிவிட்டார். “கடைக்கு ஒரு மிஷின் வாங்கிப் போட்டிருக்கேன் சார். என்னைவிட நேரா வெட்டுது. அதுக்காக அதுக்கும் மாஸ்டர்னு பேர் வெச்சுட்டா நான் எங்க போய் உக்கார்றது” என்று கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செய்யவில்லை.

ஆனால் கண்ணாடிக் கடைக்காரர் வேறு மாதிரி பேசினார். “இப்ப பட்டம் வாங்கறவங்க எல்லாம் யார்கிட்ட படிச்சாங்க. அதுகிட்டதான் தினம் பாடம் கேக்கறாங்க. படிச்சவனுக்குப் பட்டம் உண்டு, சொல்லிக் குடுத்ததுக்குக் கிடையாதா?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சபையில் வாய் குழறும். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பதில் கிடைத்தது. அங்கே சொல்ல முடியாததை உனக்கு எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு வருஷம் எடை அளவை ஆய்வாளராக இருந்தேன். எத்தனையோ ஆயிரம் தராசுகளைப் பார்த்திருப்பேன். என் கையால் ஒரு பொருளைத் தூக்கி இத்தனை கிராம் என்று சொன்னால் ஐம்பது கிராமாவது தவறும். தராசுக்குத் தவறாது. அதனால் அது என்னைவிட உயர்ந்த ஆய்வாளர் ஆகிவிடுமா? சரியாகக் காட்டும் தராசுக்கு நாங்கள் முத்திரை குத்துவோம், பட்டம் கொடுக்க மாட்டோம். முத்திரைக்குக் காலக்கெடு உண்டு, மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும். பட்டமோ ஆயுளுக்கும். மனிதன் தளர்ந்து போனாலும், எல்லோரிடமும் தோற்றாலும், அவன் பெயருக்கு முன்னால் அது நிற்கும். ஏன் அப்படி வைத்தார்கள் என்றால், ஒரு காலத்தில் அவன் பயந்துகொண்டே அதைச் செய்து முடித்தான் என்பதற்காக. இது என் ஊகம்.

நம் சங்கத்திலிருந்து பட்டம் வாங்கிய ஒரே ஆள் நெட்டைதான். அவன் மூன்றாவது நார்ம் எடுத்த போட்டியில் நான் உதவி நடுவர். கடைசிச் சுற்றுக்கு அரைப் புள்ளி போதும் அவனுக்கு. சுற்று தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆளைக் காணோம். தேடிப் போனேன். கை கழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கீழே வைத்து நின்றுகொண்டிருந்தான். “சார், கையெல்லாம் வேற யாரோடதோ மாதிரி இருக்கு” என்றான். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். போய் ஐந்து மணி நேரம் ஆடி, டிரா செய்தான். சான்றிதழில் தலைமை நடுவருக்குக் கீழே நானும் என் பெயரை எழுதியபோது, அவன் அந்தக் கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கணினி எந்தக் குழாயடியிலாவது நின்றிருக்குமா?

இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பயம்தான் தகுதி என்றால் நான் எப்போதோ உலக சாம்பியன் ஆகியிருக்க வேண்டும். ஒரு காயைத் தூக்குவதற்குள் எனக்கு மட்டும் கடிகாரம் ஓடி முடிந்துவிடும். ஆடத் தைரியம் இல்லாததால்தான் நடுவரானேன். ஆகவே இந்த வாதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு படி.

மூன்றாவது. உன் மாஸ்டர்.

அதைப் பற்றி நீ பேசும்போதெல்லாம் அவர் என்கிறாய். அவர் இன்றைக்கு நன்றாக ஆடினார், அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். போன மாதம் எதிர்வீட்டம்மாவிடம் நீ போனில் பேசும்போது அந்த அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். நான் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். “அவர் இருக்கறதால எனக்குப் பொழுது போறதே தெரியல” என்றாய். எதிர்வீட்டம்மா என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன்.

நான் சேகரித்த விவரங்கள் இவை. மாப்பிள்ளை அதை மிகச் சுலபமான நிலையில் வைத்திருக்கிறார். அதாவது தன்னுடைய முழுப் பலத்தையும் மறைத்துக்கொண்டு உன்னிடம் வேண்டுமென்றே தோற்கிறது. உள்ளதைக் குறைத்துக் காட்டும் தராசை நாங்கள் கடைக்காரர் எதிரிலேயே பறிமுதல் செய்வோம். இதை மோசடி என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். இரண்டாவது, ஒரே ஆட்டத்தில் பதினொரு முறை நீ காயைத் திருப்பி எடுத்ததாகவும் அது ஒன்றுமே சொல்லவில்லை என்றும் பெருமையாகச் சொன்னாய். பதினொரு முறை திருப்பி எடுத்த ஆட்டம் எந்த நார்முக்கும் சேராது. மூன்றாவது, ஆட்டம் முடிந்ததும் அது ‘நன்றாக ஆடினீர்கள்’ என்று சொல்கிறதாம்.

இந்த மூன்றாவது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நேற்று உன் தம்பி வந்திருந்தார். அவர் போனில் அதே ஆட்டத்தை இறக்கித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். ஆய்வுக்கு என்றேன். முதலில் முழுப் பலத்தில் வைத்து ஆடினேன். இருபத்து மூன்று நகர்த்தலில் என் ராஜா மூலையில் செத்துப் போனார். பிறகு நீ ஆடும் அதே நிலையில் வைத்தேன். நான் ஜெயித்தேன். ஜெயித்ததும் திரையில் வந்தது: நன்றாக ஆடினீர்கள்.

எனக்கும் அதையேதான் சொன்னது, டீச்சர். ஒரு வார்த்தை மாறவில்லை. உன் தம்பியை ஆடச் சொன்னேன். அவருக்கு யானை எப்படிப் போகும் என்றே பாதிதான் தெரியும். அவருக்கும் அதையே சொன்னது. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லிவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள். உண்மை என்னவென்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். “அத்தான், பொண்டாட்டி ஊர்ல இல்லன்னு அடுத்த வீட்டுக்காரன் மேல சந்தேகப்படற ஆளப் பாத்திருக்கேன். ஒரு பொட்டி மேல பொறாமைப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்றார். எனக்குப் பொறாமை இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். “அப்ப ஏன் போனைக் குப்புறக் கவுத்து வெச்சிருக்கீங்க” என்று கேட்டார். திரை வெளிச்சத்தில் கண் கூசியது, அதனால்தான்.

நான்காவது, வீடு. மாடித் தொட்டியின் மிதவை கெட்டுப்போய் இரண்டு நாள் தண்ணீர் வழிந்தது. குழாய்க்காரர் வந்து மாற்றிவிட்டார். பால் மூன்று முறை பொங்கி வழிந்தது. மூன்று முறையும் நான் அடுப்பின் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். உன் தையல் மிஷினுக்கு சனிக்கிழமைதோறும் எண்ணெய் போடுகிறேன். ஐந்து இடத்தில் ஒவ்வொரு சொட்டு, நீ சொன்னபடி. உன் பழைய மாணவி ஒருத்தி, வங்கிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறாளே, அவள் வந்து டீச்சர் எப்ப வர்றாங்க என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, தேதி சொல்லிவிட்டேன். சட்டையில் ஒரு பித்தான் விழுந்துவிட்டது. நானே தைத்துக்கொண்டேன். தைத்த பிறகு பார்த்தால் சட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். பிரித்துத் தைப்பதுதான் தையலில் பாதி வேலை என்று நீ வகுப்பில் சொல்வது நினைவுக்கு வந்தது. நீ வந்து பார்க்கட்டும் என்று இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன்.

வியாழக்கிழமை நீ சொன்னாய்: “உங்ககூட ஆடினா தொட்டதுக்கெல்லாம் தண்டனை. இங்க யாரும் என்னைத் திருத்திக்கிட்டே இருக்கறதில்ல.” சொல்லிவிட்டு உடனே மழை பெய்கிறது என்று பேச்சை மாற்றினாய். எனக்கு மழை காதில் விழவில்லை.

நீ குறிப்பிட்டது நாற்பத்தாறாவது ஆட்டம் என்று எடுத்துக்கொள்கிறேன். கல்யாணமான புதிதிலிருந்து ஞாயிறு மத்தியானங்களில் நாம் ஆடியது மொத்தம் நாற்பத்தாறு. நாற்பத்து மூன்றில் நான் ஜெயித்தேன், மூன்று டிரா. எல்லாவற்றுக்கும் நகர்த்தல்களைக் குறிக்கும் ஸ்கோர் ஷீட் எழுதி, போட்டியில் செய்வதுபோல இருவரும் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம். நீ அப்போது அதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாய். ஆனால் கையெழுத்துப் போடுவாய்.

அன்றைக்கு நீ ஒரு பள்ளிச் சீருடையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தாய். உன் முறை வந்தது. ராணியைத் தொட்டாய். தொட்டாகிவிட்டது, நகர்த்த வேண்டும் என்றேன். “இல்லைங்க, நான் சும்மா” என்று ஆரம்பித்தாய். தொட்ட காயை நகர்த்துவது எல்லோருக்கும் பொதுவான விதி என்றேன். ராணி இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தாள். எங்கே நகர்ந்தாலும் என் குதிரைக்கோ மந்திரிக்கோ இரை. நீ ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு நகர்த்தினாய். நான் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. “தண்ணி வந்திருக்கும்” என்று சொல்லி எழுந்து போனாய். அதன் பிறகு இருபத்தொன்பது வருஷமாக நாற்பத்தேழாவது ஆட்டம் நடக்கவில்லை. உனக்கு ஆட்டத்தில் ஆர்வம் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை என்று இப்போது தெரிகிறது. தினமும் மூன்று ஆட்டம் ஆடுகிறாய்.

என் கட்சி இதுதான். நான் உன் கணவன் மட்டும் இல்லை, நடுவரும்கூட. சொந்த வீட்டில் ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி என்று நடந்தால் நான் போட்ட மற்றக் கையெழுத்துகளுக்கெல்லாம் என்ன மதிப்பு? அன்று நான் செய்தது விதிப்படி சரி. அந்த ஸ்கோர் ஷீட்டை நாளைக்குத் தேடி எடுத்து, பிரதி ஒன்றை இத்துடன் வைக்கிறேன். நீயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாவது, பயணச் சீட்டு. மகளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து நடக்கும் வரை என்று மூன்று மாதத்துக்குப் போனாய். இது பதினோராவது மாதம். மகள் வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்கு மகிழ்ச்சி. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குச் சீட்டு இருக்கிறது. அதை ஆறு மாதம் தள்ளிப் போடலாமா என்று அம்மா கேட்கச் சொன்னதாக மகள் கேட்டாள். அதை நீயே என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்காததற்கும் காரணம் இருக்கும். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாமாம்.

எனக்கு ஆட்சேபனை இல்லை. உன் வசதிப்படி செய்.

திங்கட்கிழமை, மாலை நான்கு மணி

கடிதத்தை உறையில் போட்டு, பிரதி எடுப்பதற்காக இரும்புப் பெட்டியைத் திறந்து ஸ்கோர் ஷீட் கட்டை எடுத்தேன். நாற்பத்தைந்து தாள்களில் உன் கையெழுத்து இருக்கிறது. நாற்பத்தாறாவதில் இல்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. நீ தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாய், நான் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு முறைகூட அதைக் கவனிக்கவில்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. என் பழக்கம் உனக்குத் தெரியும், ஓரத்தில் ஏதாவது குறிப்பு எழுதுவேன். பதினாறாவது நகர்த்தலுக்கு எதிரே என் கையெழுத்தில், நுணுக்கி, இப்படி இருக்கிறது: ‘ராணியைத் தொட்டாள். காயில் நீல நூல்.’

நீல நூல், டீச்சர். அந்தச் சீருடையிலிருந்து பிரித்த நூல் ராணியின் கிரீடத்தில் சிக்கியிருந்திருக்கிறது. நீ அதை எடுக்கத்தான் கை வைத்தாய். ‘நான் சும்மா’ என்று நீ ஆரம்பித்தது அதைச் சொல்வதற்குத்தான். நான் முடிக்க விடவில்லை. ஆனால் நூலைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு ராணியை எடுத்திருக்கிறேன்.

விதி என்ன சொல்கிறது என்பதை நான் எவருக்கும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டால்தான் தொட்டது. தற்செயலாகப் பட்டாலோ தூசி தட்டினாலோ அது கணக்கில் வராது. அதே வருஷம் ஒரு போட்டியில் ஒரு வங்கிக்காரரின் முழங்கை அவருடைய யானையில் பட்டது. எதிராளி என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டு பேரையும் கேட்டு, பட்டதுதான், தொட்டதில்லை என்று தீர்ப்பு சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரை முழுசாகப் பேச விட்டேன். உன்னை விடவில்லை.

ஏன் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். தாளை வைத்துப் பலகையில் அந்த நிலையை அடுக்கிப் பார்த்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். அந்தப் பதினாறாவது நகர்த்தலில் நீ ராணியை விட்டுவிட்டு யானையை நகர்த்தியிருந்தால் ஆட்டம் உன்னுடையது. முதல் முறையாக நான் தோற்றிருப்பேன். அன்று மத்தியானம் எனக்கு அது தெரிந்திருந்ததா என்று சத்தியமாக நினைவில்லை. தெரிந்திருக்கலாம். உன் முறை வந்தபோது என் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

உன் தம்பி சொன்னது பாதிதான் சரி. இந்தப் பொறாமை அந்தப் பெட்டியோடு ஆரம்பித்ததில்லை.

பெட்டியைப் பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை. அதற்குப் பட்டம் கிடைக்காது. ஆனால் பதினொரு முறை கேட்டபோதும் உன்னை அது முடிக்க விட்டிருக்கிறது. என்னால் ஒரு முறை முடியவில்லை. இதை எந்த வரிசை எண்ணில் சேர்ப்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பலகையைக் கலைக்கவில்லை. தையல் மிஷினுக்குப் பக்கத்து மேஜையில் ஜன்னலோரம் அப்படியே இருக்கிறது. ராணியை அவளுடைய கட்டத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். உன் நூல் பெட்டியில் நீல நூல் இருந்தது. ஒரு துண்டு கிள்ளி அவள் தலையில் போட்டு வைத்திருக்கிறேன். அதை நீ வந்து எடுக்க வேண்டும். நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் முறைதான். கடிகாரம் வைக்கவில்லை. ஒரு நகர்த்தலை வைத்துவிட்டு மாற்றிப் போட வேண்டும் என்று தோன்றினால் மாற்றிப் போடு. அதற்குப் பிறகும் தோன்றினால் அதையும் மாற்று. ஜெயிப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தாளில் உன் கையெழுத்துக்கான இடம் இன்னும் இருக்கிறது.

ஸ்கோர் ஷீட்டின் பிரதியை வைக்கவில்லை, மூலத்தையே வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவா.

அலுவலகத்தில் பதிவேட்டில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது என்பது முறை. தவறானால் ஒரே ஒரு கோடு போட்டு, அடியில் உள்ளது தெரியும்படி அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். ஆகவே கடிதத்தைத் திருப்பி எழுதவில்லை. முதல் பக்கத்தில் ஒரு வரியில் கோடு இருப்பதைப் பார்த்திருப்பாய். ஆறாவது குறிப்பின் கடைசி வரியையும் அடிக்கக் கை போனது. அது உன் உரிமை, அதனால் விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணுக்கு மருந்து விடு. மகளையும் மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

ஐந்தாவது குறிப்பு தவறு.

உன்,
இன்ஸ்பெக்டர்